பிணை

சரி என்று சொன்னது தன் வாய்தானா என்பதில்தான் சம்பூர்ணத்துக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. சொன்னது அவள் காதில் விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற வெள்ளைக்காரப் பையன் தலையை ஆட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் எதையோ தட்டியதும் தெரிந்தது. ஆனால் அந்தச் சொல் உள்ளே எங்கிருந்து புறப்பட்டது என்று தேடிப் பார்த்தால் புறப்பட்ட இடம் என்று ஒன்று அகப்படவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. தும்மலுக்குக்கூட மூக்கில் ஒரு குறுகுறுப்பு வரும், கையை எடுத்துப் பொத்திக்கொள்ள ஒரு நொடி கிடைக்கும். இதற்கு அதுவும் இல்லை. தூதரகத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெயில் முழங்காலுக்கு வந்துவிட்டது. நகர்ந்து உட்காரலாம், பெஞ்சில் இடம் இருக்கிறது, ஆனால் நகர வேண்டும் என்று தோன்றி அது காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வேறு ஏதோ குறுக்கே வந்துவிடுகிறது. மடியில் கைப்பை. கைப்பைக்குள் அவளுடைய பாஸ்போர்ட். புருஷனுடைய பாஸ்போர்ட்டை விசா ஒட்டித் தருவதற்காக உள்ளேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவளுடையதைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சந்து வழியாகத் திருப்பித் தள்ளிவிட்டார்கள், கூடவே ஒரு தாளையும் வைத்து. அந்தப் பையன் மரியாதையாகத்தான் தள்ளினான். சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்துகிற மாதிரி. தணிகாசலம், அவள் புருஷன், நாலு கடை தள்ளி, உள்ளே போகிறவர்களின் செல்போனையும் பையையும் வாங்கி வைத்துக்கொண்டு வில்லை கொடுக்கிற கடை முன்னால் வரிசையில் நின்றிருந்தார். இங்கிருந்து பார்த்தால் அவர் முதுகு தெரிந்தது. இஸ்திரி போட்ட நீலச் சட்டை. காலையில் அவள்தான் போட்டுக் கொடுத்தாள். கழுத்துப்பட்டையில் மடிப்பு விழாமல் தண்ணீர் தெளித்து, திருப்பிப் போட்டு. அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க யாரோ ஒருவர் முதுகு மாதிரி இருந்தது. பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் முதுகு மாதிரி.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு பேரும் ஜன்னல் முன்னால் நின்றார்கள். அந்தப் பையன் இங்கிலீஷில் கேட்டான், இவர் பதில் சொன்னார். அங்கே யார் இருக்கிறார்கள், மகளும் மருமகனும். மருமகன் என்ன வேலை, சாஃப்ட்வேர். பேத்தி உண்டா, உண்டு, தான்யா என்று பெயர், நாலு வயசு. இதற்கு முன்னால் இரண்டு தடவை மறுத்திருக்கிறோமே, இப்போது என்ன மாறியிருக்கிறது. அங்கேதான் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. பையன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சம்பூர்ணம் அவன் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சோளக் குஞ்சம் மாதிரி இருக்கிறதே என்று. அப்போது இவர் மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து, அவன் கேட்காததைத் தானாகவே சொன்னார். ஐயா, இரண்டு பேருக்கும் கொடுக்க யோசனையாக இருந்தால் எனக்கு மட்டும் கொடுங்கள், என் மனைவி இங்கேயே இருப்பாள், அவள் இதய நோயாளி, அவளை விட்டுவிட்டு நான் அங்கே தங்கிவிட முடியாது, கட்டாயம் திரும்பி வந்துதான் ஆகவேண்டும். அத்தனையும் இங்கிலீஷில், ஒரே ஓட்டமாக, ஒரு இடத்தில்கூடத் தட்டாமல். மின்வாரியத்தில் காலமெல்லாம் கணக்குப் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர்தான், ஆனாலும் இங்கிலீஷ் பேச ஆரம்பித்தால் வாக்கியத்தின் நடுவில் நின்று கையைப் பிசைவார். இன்றைக்கு அவர் பிசையவில்லை. அதிலிருந்துதான் அவளுக்குப் புரிந்தது இது இப்போது தோன்றியது இல்லை என்று. ஒரு வாரமாகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாரே. கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகுகிறார் என்று நினைத்து அவள் ரேடியோவின் சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தாள். பாவம், மனுஷன் பயந்து போயிருக்கிறார் என்று. அவள் குறைத்து வைத்த சத்தத்தில் அவர் அவளை எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அப்புறம் அந்தப் பையன் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினான். தமிழில் பேசினான். பாடப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்கிற தமிழ். அம்மா, நீங்கள் இங்கே இருப்பீர்கள், உங்களுக்கு இது சரியா. சரி என்றாள்.

இதய நோயாளி. அந்த வார்த்தையை எடுத்தால் நெஞ்சுக்குள் ஏதோ திரும்பிப் படுக்கிறது. அவளுக்கு பி.பி. உண்டு, காலையில் ஒரு மாத்திரை போடுகிறாள், அவ்வளவுதான். ஆனால் போன மாசம் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவள்தான் சொன்னாள். டாக்டர் அந்த நீளத் தாளை மடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை அம்மா, உப்பைக் குறையுங்கள் என்றார். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவர் மட்டும் உள்ளே நின்று ஏதோ பேசிவிட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, பீஸ் எவ்வளவு என்று கேட்டேன் என்றார். பீஸை வெளியே இருந்த பெண்ணிடம்தானே கட்டினோம். அப்படியானால் உள்ளே பேசியது என்ன. டாக்டர் ஏதாவது சொல்லியிருப்பாரோ. சொல்லி, அவளிடம் மறைத்து, விமானத்தில் ஏற்றினால் ஆபத்து என்று பயந்து, அதனால்தான் இப்படி ஒரு ஏற்பாடு செய்து, பாவம், யாரிடமும் சொல்ல முடியாமல். அவள் கையை எடுத்து இடது மார்புக்கு மேலே வைத்துக்கொண்டாள். புடவைக்கு அடியில் அது அடித்துக்கொண்டிருந்தது, தன் பாட்டுக்கு. எதிரே பஸ் ஒன்று பிரேக் போட்டு நின்றது. அதன் சத்தத்தில் இந்தத் துடிப்பு காணாமல் போய், பஸ் நகர்ந்ததும் திரும்ப வந்தது. அப்படி ஒரு வியாதி இருந்துவிட்டால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு அதிர்ந்துபோனாள். வியாதி இருந்தால் அவர் சொன்னது பொய் இல்லை. வியாதி இருந்தால் அவர் அவளைக் காப்பாற்றியிருக்கிறார். இருதயம் கெட்டுப்போயிருந்தால் கல்யாணம் கெட்டுப்போகவில்லை என்று ஆகும். இப்படிக்கூட ஒருத்தி வேண்டிக்கொள்வாளா. ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்து, என்னம்மா, மயக்கமா இருக்கா, தண்ணி வேணுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அப்போதுதான் கை இன்னும் மார்பிலேயே இருப்பது தெரிந்து கீழே எடுத்தாள்.

அவளுக்கு இங்கிலீஷ் புரியும் என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. அதுதான் அதிசயம். மறைப்பதற்காக இங்கிலீஷில் சொன்னாரா, அந்தப் பையனுக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. ஆனால் சொல்லும்போது அவள் பக்கம் ஒரு ஓரப்பார்வைகூட இல்லை. தூண் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரிதான் பேசினார். கல்யாணத்துக்கு முன்னால் வேலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டராக இருந்தவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டிரங்க் கால் கேட்கிறவர்களுக்கு பம்பாயையும் கல்கத்தாவையும் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தோல் மண்டி சேட்டுகள், மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கியிருக்கிற வடக்கத்திக்காரர்கள், எல்லோரும் இங்கிலீஷில்தான் கெஞ்சுவார்கள், சிஸ்டர் ப்ளீஸ், அர்ஜென்ட் சிஸ்டர் என்று. அங்கே இருந்தபோது ஊரே அவள் காதுக்குள் இருந்தது. யார் அழுகிறார்கள், யார் அழுவது போலப் பேசுகிறார்கள் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில் இவருக்கு அரக்கோணத்துக்கு மாற்றல் வந்தது. உனக்கும் மாற்றல் கேட்டால் வருஷக்கணக்கில் ஆகும், விட்டுவிடு, என்ன பெரிய வேலை, ஒயரைச் சொருகுகிற வேலை என்றார். அப்போதும் சரி என்றுதான் சொன்னாள். அதற்கு முந்தின சரிகள் இருக்கும், நினைவில்லை. அப்புறம் வந்தவற்றுக்குக் கணக்கே கிடையாது. வீட்டை எந்தப் பக்கம் வாசல் வைத்துக் கட்டுவது, மகள் இந்துவை எந்தக் காலேஜில் சேர்ப்பது, அவள் கல்யாணத்துக்கு எந்த ஜாதகத்தை எடுப்பது. அவர் கேட்டார் என்றுகூட இல்லை. சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் அவள் சரி என்று வைப்பாள், கோலத்தில் கடைசிப் புள்ளியை வைக்கிற மாதிரி. அவள் வைக்காவிட்டாலும் கோலம் நிற்கும். இன்றைக்கு மட்டும்தான் ஒரு ஆள் அவளைப் பார்த்து முறையாகக் கேட்டான். உங்களுக்கு இது சரியா. இத்தனை வருஷத்தில் இப்படி ஒருவர் கேட்டதே இல்லை. பெற்றவர்கள் கேட்கவில்லை, கட்டியவர் கேட்கவில்லை, வேற்று நாட்டுப் பையன், தாடி வைத்தவன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டான். இல்லை என்று சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டிருப்பான். அவன் முகத்தில் அது இருந்தது. அவன் காத்திருந்தான். அப்படிக் காத்திருந்தவனிடம் போய்.

போய், இந்துவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அதை நினைக்காமல் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள் இதுவரைக்கும். இந்து காரிலிருந்து பேசுவாள். முதலில் ஒன்றும் தோன்றவில்லை, வழியில் எங்கோ நிறுத்திவிட்டுப் பேசுகிறாள் என்று இருந்தாள். அப்புறம் கவனித்தாள், கார் எப்போதும் அவர்கள் வீட்டு முன்னாலேயே நிற்கிறது, ஜன்னல் வழியாக அதே சிவப்புத் தபால் பெட்டி தெரிகிறது. பின்சீட்டில் தான்யா தூங்கிக்கொண்டிருப்பாள், தலை ஒரு பக்கமாகத் தொங்க. ஏன்டி வீட்டுக்குள்ள போய்ப் பேசக்கூடாதா என்று கேட்டால், சும்மாதான்மா என்பாள். பங்குனி மாசம் ஒரு நாள் அந்தச் சும்மா உடைந்துவிட்டது. மருமகன் ரகுநந்தன் அவளோடு பேசுவதில்லை. திட்டுவதில்லை, அடிப்பதில்லை, சத்தம் போடுவதில்லை. பேசுவதில்லை, அவ்வளவுதான். மாசக்கணக்காக. அவள் ஹாலுக்கு வந்தால் அங்கே காற்று வந்த மாதிரி இருப்பான். சமைத்து வைத்ததைத் தொடாமல் தனக்கும் குழந்தைக்கும் மட்டும் வெளியிலிருந்து வாங்கி வந்து தட்டுப் போட்டுக்கொள்வான். குழந்தை ஒருநாள் கேட்டதாம், அம்மா, அப்பாவுக்கு நீ தெரியமாட்டியா என்று. அதைச் சொல்லும்போதுதான் இந்துவின் குரல் போயிற்று. நீ வாம்மா, நீ வந்து என் பக்கத்துல உக்காந்தா போதும், யாராவது என்னைப் பாக்கணும் என்றாள். அப்பாவிடம் சொல்லாதே, அப்பா உடனே அவருக்குத்தான் போன் போட்டுக் கேட்பார், அவர் சொல்வதுதான் அப்பாவுக்கு வேதம் என்றாள். அதுவும் உண்மைதான். மாமனும் மருமகனும் தினமும் காலையில் போனில் சாமி படம் அனுப்பிக்கொள்வார்கள். அதனால் சம்பூர்ணம் சொல்லவில்லை. கட்டியவரிடம் சொல்லாமல் ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டிருப்பது அவளுக்குப் புதிது. குழம்பு தாளிக்கும்போதுகூட அது உள்ளே கனன்றுகொண்டிருக்கும். விசாவுக்கு மறுபடியும் போடுவோம் என்று இந்தத் தடவை அவள்தான் வற்புறுத்தினாள். அவர் உடனே ஒப்புக்கொண்டதைப் பார்த்து, பேத்தி மேல் எவ்வளவு ஆசை என்று மனம் இளகிப்போனாள். பல் முளைக்காத வாயோடு போன குழந்தை அது. பிறந்தது வேலூரில்தான். மடியிலேயே கிடந்தது. விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இந்துவின் தோளில் அது சிரித்துக்கொண்டே போனது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நடக்கிறது.

ஒருவேளை அவர் முன்னாலேயே கேட்டிருந்தால். இன்றைக்குக் காலையில் ராணிப்பேட்டை தாண்டி பஸ்ஸில் வரும்போது, பக்கத்துப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தோம், சம்பூ, இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்றாவது தடவையும் மறுத்துவிடுவான் போலிருக்கிறது, நான் மட்டும் கேட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தால். அவள் என்ன சொல்லியிருப்பாள். சரி என்றுதான் சொல்லியிருப்பாள். இல்லை, சொல்லியிருக்கமாட்டாள். இந்துவின் விஷயத்தை அப்போது சொல்லித்தான் ஆகியிருக்கும். நீங்கள் இருங்கள், நான் போகிறேன் என்று சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாளா. அந்தக் கேள்வியில் வந்து மனம் ஒவ்வொரு தடவையும் முள்ளில் மாட்டின புடவை மாதிரி நின்றது. இழுத்தால் கிழியும், விட்டால் போக முடியாது. கேட்காததால்தான் அவளுக்கே தெரியாமல் போய்விட்டது, அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று. அவளிடமிருந்து அதையும் எடுத்துக்கொண்டுவிட்டார். மகளுக்காகச் சண்டை போட்டிருக்கக்கூடிய ஒருத்தி அந்த பஸ்ஸில் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். இனிமேல் பார்க்க முடியாது. விசா ஏஜென்ட் ஆபீசில் ஒருநாள், ஆதார் அட்டையை நகல் எடுத்துக்கொண்டு வாங்கம்மா என்று அந்தக் கைலாசம் அவளைக் கீழே அனுப்பினான். எப்போதும் அவனுடைய ஆள்தான் போவான். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள், இவர் காலண்டரைப் பார்த்தார். வீட்டில் மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் போனில் பேசுவார். சிக்னல் கிடைக்கவில்லை என்பார். வீட்டுக்குள் சிக்னல் நன்றாகத்தான் கிடைக்கும். எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கிறது, துணி உலர்த்துகிற கொடி மாதிரி. குனிந்து குனிந்து அதற்கு அடியிலேயே போய் வந்திருக்கிறாள். ஊருக்குப் போனால் குளிருக்கு வேண்டும் என்று ஸ்வெட்டர் எடுத்தார்களே, அவருக்கு மட்டும் எடுத்தார். உனக்கு அங்கேயே நல்லதாகக் கிடைக்கும், இந்து வாங்கித் தருவாள் என்றார். கடையில் நின்று அவள்தான் அவர் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

வரிசை கரைந்து அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில், காதில் போன். பேசிக்கொண்டே வந்தார், சிரித்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் வந்ததும், வெச்சிடறேன் மாப்ள என்று சொல்லி போனைச் சட்டைப் பையில் போட்டார். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து முதலில் அவளிடம் நீட்டினார். எப்போதும் அப்படித்தான், முதலில் அவளுக்குத்தான் நீட்டுவார். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் வாங்கிக்கொள்ளவில்லை. ரகுவுக்கு ரொம்ப சந்தோஷம், டிக்கெட் அவரே போட்டுவிடுகிறாராம் என்றார். இந்துவிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். அவர் சொல்லிடுவார் என்றார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, உனக்கு வருத்தமாத்தான் இருக்கும், மூணாவது தடவையும் ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பிட்டா என்ன பண்றது, ஒரு ஆளாவது போகணும் இல்ல, அடுத்த தடவை உனக்குப் போடுவோம் என்று தேற்றுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"எனக்கு நெஞ்சுல ஏதாவது இருக்குன்னு டாக்டர் சொன்னாரா?"

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்துவிட்டார். "சே சே. அது சும்மா. கைலாசம் சொல்லச் சொன்னான். வீட்ல நோயாளி இருக்காங்கன்னா, ஆள் கண்டிப்பா திரும்பி வருவான்னு நம்புவாங்களாம். டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் கிடைக்குமான்னு கேட்டேன், அவர் தர மாட்டேன்னுட்டார்."

ஆக, உடம்பில் ஒன்றும் இல்லை. நல்லபடியாக இருக்கிறது. அவள் அதைக் கேட்டு மூச்சை விட்டாள். அந்த மூச்சு வெளியே போனபோது அதோடு கூடவே இன்னும் ஏதோ போயிற்று. அவருக்காக இவ்வளவு நேரம் அவள் தயாரித்து வைத்திருந்த நியாயம்தான் அது. அடகுக் கடையில் வைக்கிற பொருளாவது வீட்டில் பத்திரமாக இருந்த பொருளாக இருக்கும். இவர் பழுது என்று சொல்லி அவளை வைத்திருக்கிறார், பழுதாக இருந்தால்தான் மீட்க வருவேன் என்று நம்புவார்கள் என்று. தண்ணீர் பாட்டில் அவர் கையிலேயே இருந்தது. ரோட்டில் ஒரு குடும்பம் தூதரக வாசலிலிருந்து வெளியே வந்து, அந்தப் பெண் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். கிடைத்துவிட்டது போலிருக்கிறது. இவரும் அதைப் பார்த்தார். பார்த்தபடியே, எப்படியும் ஒருநாள் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது போல ஆரம்பித்தார்.

"உனக்குத் தெரியாது சம்பூ, அங்க கொஞ்சம் மனஸ்தாபம் இருக்கு. ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்ல. ரகு தை மாசமே என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார். இவ எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசறாளாம். அத்தை வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அழுது இன்னும் பெருசாக்கிடுவீங்க, நீங்க மட்டும் வாங்க மாமா, வந்து அவளுக்குப் புத்தி சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டார். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது."

தை மாசம். இந்து அவளிடம் சொன்னதே பங்குனியில்தான். அதற்கு முன்னாலேயே இவருக்குத் தெரிந்திருக்கிறது. பொங்கலுக்கு வாங்கி மீந்த கரும்பைக் கடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தபோது தெரிந்திருக்கிறது. வெளிறிப்போன இந்துவின் முகத்தை வீடியோவில் பார்த்துவிட்டு, ஏன்டி இளைச்சுட்ட என்று அவள் கேட்டபோது, டயட்டு கியட்டுன்னு ஏதாவது பண்ணுவா என்று பக்கத்தில் இருந்து இவர் சொன்னாரே, அப்போது தெரிந்திருக்கிறது. அவள் ஒரு மகளின் கஷ்டத்தை அப்பனிடமிருந்து மறைக்கிறோமே என்று குமைந்துகொண்டிருந்தாள். அவர் அதே கஷ்டத்தை மருமகன் கையிலிருந்து வாங்கி, மருமகன் சொன்ன விலாசத்துக்கு எடுத்துப்போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஒரே வீட்டில், ஒரே விளக்கைப் போட்டுக்கொண்டு. அவள் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். கோபம் வரவில்லை. பழைய எக்ஸ்சேஞ்சில் பலகையிலிருந்து ஒரு ஒயரைப் பிடுங்கியதும் அந்த விளக்கு மட்டும் அணைந்து, மற்றதெல்லாம் அப்படியே எரிந்துகொண்டிருக்குமே, அந்த மாதிரி ஒன்று அணைந்தது.

"என் போனைக் குடுங்க," என்றாள்.

துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அங்கே இப்போது ராத்திரி. போன் ஒரு தடவை முழுதாக அடிப்பதற்குள் இந்து எடுத்தாள். குரலைச் சுற்றி மூடின காரின் அமுக்கம் இருந்தது. அம்மா, கிடைச்சிடுச்சா என்றாள். உங்க அப்பாவுக்குக் கிடைச்சிருக்கு, எனக்கு இல்ல என்று சம்பூர்ணம் சொன்னாள். அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. லைன் அறுந்துபோன மௌனம் வேறு, வாயைக் கையால் பொத்திக்கொண்ட மௌனம் வேறு. அவளுக்கு இரண்டும் தெரியும். ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லலாம். மறுக்கவில்லை இந்து, கேட்டார்கள், நான்தான் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லலாம். ஒருநாள் சொல்லவும் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து. இப்போது அதற்கு நேரம் இல்லை.

"இந்து, கேக்குதா? நான் அங்க வர முடியாது. நீ வா. புள்ளயக் கூட்டிக்கிட்டு இங்க வா."

அவர் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சின்னக் குரலில், "எத்தன நாளைக்கும்மா?" என்று இந்து கேட்டாள்.

"எத்தன நாள்னு அந்த ஊர்லதான் கேப்பாங்க. இது உன் வீடு. இங்க யாரும் கேக்கமாட்டாங்க. கேட்டா நான் பாத்துக்கறேன்."

இந்து அழ ஆரம்பித்தாள். அழுகிற மாதிரி இல்லை, நிஜமாகவே. பின்சீட்டில் குழந்தை எழுந்து ஏதோ கேட்டது, பாட்டிடா, பாட்டி பேசறாங்க என்று இந்து சொல்வது கேட்டது. சம்பூர்ணம் அவசரப்படுத்தவில்லை. லைனைப் பிடித்தபடி இருந்தாள். வெயில் இடுப்புவரை ஏறியிருந்தது. நாளைக்குக் காலையில பேசறேம்மா, டிக்கெட் பாக்கறேன் என்று கடைசியில் இந்து சொன்னாள். அவள் வைத்த பிறகுதான் இவள் வைத்தாள்.

எதற்கு அவளை வரச் சொல்கிறாய், நான்தான் போகிறேனே, எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டதே, ரகு என்ன நினைப்பார் என்று அவர் கேட்டார். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். கையைப் பிசைந்துகொண்டு கேட்டார். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார், வழக்கம்போல. அந்த நிறுத்தங்களில் அவள் எதையும் வைக்கவில்லை. பாஸ்போர்ட் இருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடி, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றாள். "அங்க உங்க மருமகன் இருப்பார்."

கோயம்பேடு போகிற பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அவர் பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.